மூன்று சுற்று

1998 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலி, தச்சநல்லூர். ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஞானசம்பந்தன் விடியற்காலையில் மாரடைப்பால் இறந்தார். வயது அறுபத்து மூன்று.

நீர்மாலைக்கு ஆண்கள் புறப்பட்டுவிட்டார்கள். உடலைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் வரிசையில், முதல் குடம் இறந்தவரின் தம்பி மகன் தாணுமாலையனின் தோளில் போனது. முதல் குடம் எடுப்பவன்தான் கொள்ளி வைப்பான். சங்கு ஊதிக்கொண்டு அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, மகள் பிருந்தா வீட்டுக்குள் போனாள். உடனே வெளியே வந்தாள். காலையிலிருந்து அவளால் அப்பாவின் தலைமாட்டில் உட்கார முடியவில்லை.

உள்ளறையில் தம்பி சுந்தர், இறந்தவரின் ஒரே மகன், கட்டிலில் உட்கார்ந்து இடது காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரின் தோல் வார்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். மூன்று வயதில் வந்த போலியோ.

"சித்தப்பா, சுந்தர் இருக்கும்போது தாணு எதுக்கு?" என்று கேட்டாள் பிருந்தா.

பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா பாலசுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, நான் என்ன வேணும்னா செய்யுதேன்? கொள்ளி வைக்கவன் தோல் பூட்சு மாட்டிக்கிட்டு நிக்க முடியுமா? அதக் கழட்டிட்டா இவனுக்கு நிக்கவே முடியாது. சுடுகாட்டுல கொள்ளிக்குடத்தத் தோள்ல வச்சு மூணு சுத்து வரணும். நடுவுல விழுந்தாம்னு வையி, ஊரே பாக்கும்."

"அவன்கிட்ட ஒரு வார்த்த..."

"உங்கம்மா போனன்னைக்கு அண்ணனே தாணுவத்தான கூப்பிட்டாவ. 'சுந்தருக்குச் சிரமம்'னு அவுக வாயாலதான சொன்னாவ. வக்கீலுக்கெல்லாம் பாடம் எடுத்தவுக சொன்ன தீர்ப்பு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அது உண்மைதான். அன்று சுந்தர் சுடுகாட்டு வாசல்வரை ஆட்டோவில் போய்த் திரும்பி வந்தான். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

அப்பா பதினெட்டு வருஷம் மதுரைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஊனமுற்றோர் உரிமை என்று ஒரு பாடம் இருக்க முடியும் என்பதை உடன் வேலை பார்த்தவர்களே நம்பாத காலத்தில் தொடங்கினார். பழைய சாத்திரத்தில் குருடனுக்கும் முடவனுக்கும் சொத்தில் பங்கில்லை, ஈமக்கடன் செய்யத் தகாதவனுக்குச் சொத்து எதற்கு என்பது வாதம் என்று முதல் வகுப்பில் சொல்வார். 1928இல் வந்த சட்டம் சொத்தைக் கொடுத்தது. "கொள்ளி மட்டும் பாக்கி" என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாத்திமா. பார்வையில்லாதவள், பள்ளிக்கூட டீச்சர். அந்த வேலைக்காக அப்பா மனு எழுதிக்கொடுத்து, பள்ளி நிர்வாகத்திடமும் போய் வாதாடியிருந்தார். வீட்டு வாசலில் படி கிடையாது. சுந்தருக்காக அப்பா கட்டிய சாய்தளம். கோலைத் தட்டிக்கொண்டு பாத்திமா தானாகவே ஏறி வந்தாள். பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாடி ஏற இந்தப் பிள்ளைக்குச் சிரமம்னு வேலை தர மாட்டேன்னாங்க. சார் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'சிரமம்னு அந்தப் பிள்ளை உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?'ன்னு. அம்புட்டுப் பேரும் வாய மூடிட்டாங்க." அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

பிருந்தா அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

"லே சுந்தர், உனக்கு ஏலுமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா போனப்ப யாராவது கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குடத்தோட ஏலாது, அக்கா. விழுந்துருவேன்."

சங்குச் சத்தம் தெருமுனைக்குத் திரும்பி வந்துவிட்டது. சுந்தர் கடைசி வாரையும் அவிழ்த்து, காலிப்பரைச் சுவரில் சாய்த்து வைத்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தான். தாணு ஈர வேட்டியோடு, குடத்தோடு நின்றான்.

"தாணு, கொள்ளி நான் வைக்கேன். நீ கூட வா. குடத்தப் பிடிக்க வேண்டாம். என்னையப் பிடி."

"ஏலே, ஊரு கூடி நிக்கு" என்றார் சித்தப்பா. "இது என்ன கோர்ட்டா?"

"அன்னைக்கு அப்பா சொன்னது தப்புத் தீர்ப்பு, சித்தப்பா."

தாணு தன் அப்பாவைப் பார்த்தான். குடத்தை இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு சுந்தரின் தோளில் ஏற்றிவிட்டு, அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டான். சித்தப்பா பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

குளிப்பாட்டி முடிந்து பாடையைத் தூக்கியவர்கள் சாய்தளத்தில் கால் வைத்ததும் தடுமாறினார்கள். இல்லாத படியைக் கால்கள் தேடின.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. வீட்டைக் கழுவிவிட்டார்கள். பிருந்தா வாளியோடு நின்றாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்து கழுவிய இடத்தையே மறுபடி கழுவினாள். உள்ளறைக்குத் தண்ணீர் ஓடிய பிறகுதான் காலிப்பர் ஞாபகம் வந்தது. அது சரிந்து விழுந்து, தோல் ஊறிப்போய்க் கிடந்தது. எடுத்துப் போய்க் கொல்லைச் சுவரில் வெயிலில் வைத்தாள்.

வெயில் சாய்ந்தபின் அவர்கள் திரும்பினார்கள். இருவர் முழங்காலிலும் சிராய்ப்பு. மொட்டைத் தலையோடு சுந்தர் சாய்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டாவது சுத்துல விழுந்துட்டோம், அக்கா" என்றான் தாணு. "கொள்ளிக்குடம் உடைஞ்சிட்டு."

"சித்தப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. முடி எடுக்குத அண்ணாச்சிதான், 'எப்படியும் உடைக்கதுக்குத்தான கொண்டாந்திய, எந்திரிங்கவே'ன்னாரு. மூணாவது சுத்து குடம் இல்லாமச் சுத்துனோம். அண்ணன் கொள்ளி வச்சாவ."

"அக்கா, காலிப்பர எடுத்துட்டு வா" என்றான் சுந்தர்.

அவள் கொல்லைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "காயல."

"சரி."

தோல் காய மறுநாள் மத்தியானம் ஆயிற்று. காலையில் எலும்பு பொறுக்கவும் சுந்தர் தாணுவைப் பிடித்துக்கொண்டே போனான்.