சுற்றுலாப் பயணியின் அக்கா

சுற்றுலாக் கம்பெனி கொடுத்த படிவத்தில் 'அந்நாட்டில் உறவினர் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். எரிச்சலாக வந்தது. கூடப்பிறந்த அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு அரசாங்கமும் முறைத்துக்கொண்டு தூதரகங்களை இழுத்துப் பூட்டிய பிறகு, ஒன்பது வருஷமாக அவளை நேரில் பார்க்கவில்லை. உறவுக்காரர்களுக்கு விசா கிடையாதாம். கைடு பின்னாலேயே கும்பலாக நடக்கிற சுற்றுலாப் பயணிக்கு மட்டும் உண்டாம். கல்லைப் பார்க்கலாம், அக்காவைப் பார்க்கக் கூடாது! எந்தப் புத்திசாலி போட்ட சட்டமோ.

"எதிரி நாட்டுக்கா போற? கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று வீட்டுக்காரர் குதித்தார்.

"உங்களுக்கு எதிரி நாடு. எனக்கு அக்கா வீடு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

போனில் நாங்கள் போட்ட திட்டம் சின்னதுதான். மூன்றாம் நாள் எங்கள் குழு அருங்காட்சியகத்துக்கு வரும்போது அக்காவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவாள். பத்து நிமிஷம் பக்கத்தில் நிற்போம். பேச்சு மூச்சு கூடாது. மாட்டினால் அப்புறம் அந்த நாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

நாலாவது கூடத்தில் நின்றிருந்தாள். பாதி நரைத்து, தோள் இறங்கிப் போயிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கோட்டு.

"இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுதான் எங்க தளபதி உங்க நாட்டை ஜெயிச்சார்," என்றார் கைடு பெருமையாக.

நாங்கள் தையல்காரர் பெற்ற பெண்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் எங்கள் கண் முதலில் மணப்பெண்ணின் தோள் தையலுக்குத்தான் போகும். பார்த்தோம்.

"கை மாத்தித் தச்சிருக்கு!"

இரண்டு வாயும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டன. இரண்டு விரலும் ஒரே இடத்தைக் காட்டின. அதோடு விட்டாளா மகராசி?

"நீயும் இப்படித்தான் இடது வலது தெரியாம வச்சுத் தச்சு, அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட!" என்று என் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டாள்.

கைடு முகத்தில் ஈயாடவில்லை.

எங்களை ஓர் அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்தவர். காகிதத்தை நீட்டினார்.

"இவங்க யாருன்னே தெரியாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுங்க. நீங்க குழுவோட போயிடலாம், அடுத்த வருஷமும் வரலாம். உறவுன்னு எழுதினா இன்னைக்கே திருப்பி அனுப்பணும். இனிமே விசா கிடையாது."

"தெரியாதுன்னே எழுதிடுடி. அடுத்த வருஷமும் கண்ணாலயாவது பாக்கலாம்," என்றாள் அக்கா. பேனாவை எடுத்து 'இவர் யார் என்று எனக்கு' வரை எழுதினாள். அதற்கு மேல் அவளுக்குக் கை ஓடவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காகிதத்தைப் பிடுங்கினேன்.

"ஒரு தடவை உறவு இல்லைன்னு எழுதினதே வயித்தெரிச்சல் சார். இவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டாவது தடவை எழுத மாட்டேன். உங்களால ஆனதைப் பாருங்க."

'இவள் என் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டு எழுந்தார். "வண்டி வர ஒரு மணி நேரமாகும். இங்கயே இருங்க."

ஒரு மணி நேரம்! நாங்கள் ஆசைப்பட்டது பத்து நிமிஷம், அதுவும் ஊமையாக. அக்கா முதலில் அழுதாள், பிறகு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று திட்டினாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அப்பா சாவுக்குக்கூட அவளை விடவில்லை. போனில் ஒருநாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

"உன்னைத்தான் கூப்பிட்டார். கண்ணு தெரியல அவருக்கு. 'வந்துட்டேம்பா'ன்னு நான் சொன்னேன். நீதான்னு நினைச்சுக்கிட்டார்."

கதவு திறந்தது. "வண்டி வந்துடுச்சு, கிளம்புங்க," என்றார் அதிகாரி.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிய நில்லுங்க சார். என் தங்கச்சி பேசிக்கிட்டிருக்கா."