ஆறாம் பட்டியின் காலித் தொட்டி

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பதினேழு நாளாகியும் லம்பேர்ட் ஹவெல்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மான் வேட்டைக்கு வாங்கிய பைனாகுலரால் தன் காளைகளையே நாளெல்லாம் வேவு பார்த்துக்கொண்டிருந்தான். மான் கூட அவ்வளவு கண்காணிப்புக்கு ஆளானதில்லை.

முப்பத்தொரு வருஷமாக விடியும்போது தீனித் தொட்டிகளை நடந்து பார்த்து, எந்தப் பட்டிக்கு எவ்வளவு என்று சொன்னவன் அவன். தொட்டியை நக்கித் துடைத்து வைத்திருந்தால் பசி. மிச்சம் கிடந்தால் திகட்டல். சோளத்தைக் குறைத்தால் எடை ஏறாது. அவசரப்பட்டுக் கூட்டினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும், சிலது எழுந்திருக்காது. இப்போது அந்த வேலையை அவன் மனைவி வில்மா பார்க்கிறாள். அதுதான் அவனுக்கு முழங்காலை விடப் பெரிய வலி.

அன்று காலை ஆறாம் பட்டித் தொட்டி பளிச்சென்று இருந்தது. அங்கே எண்பத்து நான்கு காளைகள், மூன்று வாரத்தில் விற்பனைக்கு லாரி ஏற வேண்டியவை. அவ்வளவு லட்சணமான மாடுகளை அவன் வளர்த்ததே இல்லை. அவை வெறும் சிமெண்டை நக்குவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

காபி குடிக்க உள்ளே வந்த வில்மாவைப் பிடித்துக்கொண்டான்.

"ஆறாம் பட்டித் தொட்டி தொடச்சு வச்ச மாதிரி இருக்கே. கூட்டிப் போடச் சொன்னியா?"

"பாத்துக்கிட்டேன்."

"பாத்துக்கிட்டேன்னா என்ன அர்த்தம்? கூட்டினியா, இல்லையா?"

"உன் கால நீ பாரு, லம்பேர்ட். மாட்ட நான் பாக்கறேன்." தட்டிலிருந்த கொலாச்சே பன்னில் இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கஞ்சப் பிசினாறி, மாட்டுக்குப் போடக் கூடக் கை நடுங்குகிறது என்று முணுமுணுத்தான். அவள் கஞ்சம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை சும்மா இருக்க வேண்டுமே. தீனி லாரி ஓட்டும் டுவைட்டைப் போனில் கூப்பிட்டான்.

"ஆறாம் பட்டிக்குத் தலைக்கு ஒரு பவுண்டு சோளம் கூட்டிப் போடு. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டு நிக்காதே."

"சரிங்க முதலாளி," என்றான் டுவைட்.

பத்து மணிக்கு லாரி ஆறாம் பட்டியோரம் மெல்ல ஊர்ந்து தீனியைக் கொட்டிக்கொண்டு போனது. காளைகள் தலையைக் குனிந்தன. பதினேழு நாளில் முதல் தடவையாக லம்பேர்ட்டுக்குச் சாப்பாடு ருசித்தது.

பன்னிரண்டு மணிக்குக் கொடிமரத்துக் கொடி தெற்கே திரும்பிப் படபடத்தது. வடகாற்று. போனை எடுத்து வானிலையைப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் பனிப்புயல், இரண்டு நாள் நிற்காது என்று போட்டிருந்தது. ஜன்னல் வழியே ஆறாம் பட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

புயல் வருவது மாட்டுக்கு முன்கூட்டியே தெரியும். முதல் நாளே வாரி வாரித் தின்று தொட்டியைக் காலி செய்யும். அது பசி இல்லை. அன்றைக்குச் சோளத்தைக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோளம் வயிற்றில் புளித்து, புயலுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் சரியும். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம் பதினொரு காளைகளைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் இது. வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் கணகணப்பாக உட்கார்ந்தவனுக்கு எந்தக் காற்று தெரியும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வில்மாவைக் கூப்பிட்டான். அவள் போன் குளிர்பதனப் பெட்டியின் மேலேயே அடித்தது. டுவைட் எடுக்கவில்லை. லம்பேர்ட் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வீட்டுச் செருப்புமாக, ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச் சட்டத்தை ஊன்றிக்கொண்டு வெளியே இறங்கினான். பனிக் குருணை முகத்தில் அறைந்தது. இருநூறு கஜத்தைக் கடப்பதற்குள் எண்பத்து நான்கையும் மனசுக்குள் புதைத்துவிட்டான்.

ஆறாம் பட்டித் தொட்டிக்குள் கையை விட்டான். நீளநீளமாகக் காய்ந்த புல் வந்தது. சோளம் வழக்கத்தை விடக் குறைவு. நம்பாமல் நகர்ந்து போய் மறு கோடியிலும் அள்ளிப் பார்த்தான். அதே கலவைதான். காளைகள் நிதானமாக மென்றுகொண்டிருந்தன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துப் பட்டியில் படுக்கைக்குக் கோதுமை வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த வில்மா கவைக்கோலோடு ஓடி வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? அந்தக் காலோடவா வந்தே?"

"வில்மா, நான் டுவைட்கிட்ட சோளம் கூட்டச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"அவன் போடலையே."

"போட மாட்டான். ஆஸ்பத்திரிலேருந்து நீ வந்த அன்னிக்கே சொல்லி வச்சேன். முதலாளி என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு, என்னைக் கேட்டுட்டுச் செய்யின்னு."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொன்ன உத்தரவுகளையெல்லாம் லம்பேர்ட் யோசித்துப் பார்த்தான். ஒன்றாவது பிழைத்திருக்காதா?

"போன வாரம் மூணாம் பட்டிக்குக் குறைக்கச் சொன்னேனே. அது சரிதானே?"

"சரிதான்."

"அப்ப கொறைச்சானா?"

வில்மா கவைக்கோலைத் தரையில் ஊன்றினாள். "முந்தின நாளே நான் கொறைச்சிருந்தேன், லம்பேர்ட்."

மாடுகள் பிழைத்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அவன் இல்லாமலே பிழைத்திருந்தன. கோபப்படலாம் என்று பார்த்தான். யார் மேல் கோபப்படுவது?

"வைக்கோல் இன்னும் எந்தப் பட்டிக்குப் போடணும்?" என்று கேட்டான். பட்டி விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவன் அவளைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஏழாம் பட்டிக்கு," என்றாள் வில்மா. "நீ கேட்டைத் திறந்து பிடி. அது போதும்."