செவெரினோ ஐயா யாரையும் கொல்ல மாட்டார்

மாட்ரிட்டிலிருந்து வந்த பதிப்பாசிரியர் அல்வாரோ, பொலிவியாவின் மலையுச்சி நகரமான எல் ஆல்ட்டோவில் டெலியாவின் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை படியில் உட்கார்ந்துவிட்டார். டெலியா கை கொடுக்கவில்லை. 'முடிவை மாற்று' என்று ஏழு தடவை மின்னஞ்சல் அனுப்பத் தெம்பிருந்த ஆள், படியும் ஏறட்டும்.

ஸ்பானிய மொழியில் இன்று எழுதுகிறவர்களின் திகில் கதைகள் இருபது, ஒரே தொகுப்பாக வரப்போகின்றன. கடைசிக் கதை அவளுடையது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அச்சில் பெயர் வந்தால் அதிலும் முதல் ஆள். ஆனால் கதையில் வரும் மண்டையோடு யாரையாவது கொன்றாக வேண்டுமாம், இன்று சாயங்காலத்துக்குள். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

"அது பாட்டுக்கு அலமாரியில உக்காந்திருக்கு. படிக்கிறவனுக்கு எங்கேர்ந்து பயம் வரும்?"

"அதுன்னு சொல்லாதீங்க. உங்க பின்னாடிதான் இருக்கார்."

அல்வாரோ திரும்பினார். அலமாரியில் நிஜ மண்டையோடு ஒன்று, கம்பளிக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியுமாக: இந்த வீடு கும்பிடும் செவெரினோ ஐயா. கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது.

டெலியாவின் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்க ஐயாவா கொலகாரன்? திருடு போன தையல் மெஷினையே கண்டுபிடிச்சுக் குடுத்தவரு தம்பி. இவ கணக்குல பாஸானதும் அவரு தயவுதான்."

"நான் படிச்சு பாஸானேன்மா!"

"ஆமாமா, படிச்சே."

டெலியாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஐயாவுக்குக் காணிக்கையாக வைக்கும் சிகரெட் ஒன்றை அல்வாரோவிடம் நீட்டினாள். "அவர் பேரைக் கெடுக்கணும்னா அவர்கிட்டயே கேளுங்க."

அல்வாரோ சிரித்துக்கொண்டே பற்றவைத்து, ஐயாவின் பல்லிடுக்கில் செருகினார். "செவெரினோ ஐயா..." சிரிப்பு நின்றுவிட்டது. மெல்ல, "என் மக ரெண்டு வருஷமா பேசல. ஒரே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"கேட்டாச்சில்ல?" என்றாள் அம்மா. "நவம்பர் எட்டாம் தேதி மண்டையோட்டுத் திருநாள், ஐயாவைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போவோம். பதிலுக்கு, அவருக்குப் பூக்கிரீடம் நீங்கதான் வைக்கணும்."

"நான் மாட்ரிட்ல இருப்பேனே. வரலேன்னா?"

அம்மா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது அல்வாரோவின் கைபேசி அடித்தது. திரையில் மகள் பெயரைப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போய், கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்.

திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. டெலியா புதிய முடிவை எழுதி வைத்திருந்தாள். அதில் யாரும் சாகவில்லை. ஒருவன் கேட்டான்; கிடைத்தது; பூ வைக்க வரவில்லை. அவ்வளவுதான்.

அல்வாரோ இரண்டு முறை படித்தார். "ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம்" என்றார், அலமாரிப் பக்கம் பார்க்காமல். பிறகு கேட்டார்:

"நவம்பர் எட்டு என்ன கிழமை?"