அக்கா கையில் சுவிட்ச்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டு மிக்ஸியால் வந்தது. பொய் சொல்வானேன்? ஒரு நாள் அது ஓடி நின்ற பிறகுதான், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. நாள் முழுக்கத் தலைக்கு மேலே இப்படி ஒரு சத்தம் இருந்தால்? யோசித்துக்கொண்டிருந்தபோது சிற்பி ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

முதல் வரி: 'வானத்தின் இரும்புக் கழுகு மௌனமாய்...' வேண்டாம். கழுகு என்ன பாவம் செய்தது?

2

அந்தச் சிற்பிதான் கதையில் அக்கா. அவள் தகரத் தகடுகளை வளைத்து, ஆளில்லாப் போர்விமானம் ஒன்றை உண்மை அளவிலேயே செய்து பட்டறைக் கூரையில் தொங்கவிட்டிருந்தாள். நாளை அது கண்காட்சிக்குப் போகிறது. அதன் வயிற்றுக்குள் ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால், அந்த விமானங்களுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் கேட்ட அதே இரைச்சல் வரும். ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, மோட்டாரை மாற்றி மாற்றி, அந்தச் சத்தத்தைப் பிடித்திருந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி. (வங்கியில் வேலை என்றுதான் முதலில் எழுதினேன். கதை நகர மாட்டேன் என்றது.) தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ஏசி அறையில் திரைமுன் உட்கார்ந்து இதே விமானத்தை ஓட்டுபவன். "என்னைக் குத்திக்காட்டத்தானே இதைச் செய்யுற?" என்று போனில் கத்தியவன், அதற்குப் பிறகு பேசவே இல்லை. இன்று தானாகவே வந்து நிற்கிறான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

3

தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வால் கொஞ்சம் சின்னதாப் போச்சு."

"உன் மூக்குகூடத்தான் சின்னது. அம்மா திருப்பியா அனுப்பினாங்க?"

சிரித்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பிறகு அவன் இரும்புத்தூள் கிடந்த தரையில், சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல், சிற்பத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தான்.

"எத்தனையோ வருஷமா ஓட்டுறேன்க்கா. கீழேயிருந்து பாத்ததே இல்ல."

அவள் தரையில் கிடந்த சுவிட்சை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சத்தம் எப்படி இருக்கும்? எங்க ரூம்ல ஒண்ணும் கேக்காது."

விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கிய ஒயரைப் பார்த்தான். அது சுவர் வழியாக அவள் கை வரைக்கும் வந்தது.

"போடுக்கா."

"வேண்டாண்டா. எழுந்து வா, சாப்பிடலாம்."

"போடுன்னா போடு."

4

முடிவு ஒன்று: போட்டாள். அவன் அழு... அந்த வரியை அடித்துவிட்டேன். அவனை அழவைக்க நான் யார்?

முடிவு இரண்டு: கரண்ட் இல்லை என்று பொய் சொல்கிறாள். சாப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை அவன் அதே நாற்காலிக்குத் திரும்புகிறான், நிம்மதியாகத் தூங்குகிறான். அவளுக்கும் அதுதான் ஆசை. தம்பியாயிற்றே. ஆனால் ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று செய்ததைத் தம்பி மட்டும் கேட்கக்கூடாதா?*

அவன் கண்ணை மூடிக் காத்திருக்கிறான். நான் பேனாவை மூடிவிட்டேன். அக்கா இப்போது என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள்.

"நீங்க சொல்லுங்க. போடட்டுமா?"

* இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. அவள்தான் என்னிடம் கேட்டாள்.