எட்டா, ஒன்பதா?

1

ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சப்பாத்துக் கடையில் கிடைத்தது. ஒருவர் மோட்டார்* பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு லியோனல் என்று பெயர் வைத்தேன். கிள்ளானில் குடிவைத்து, குளோரியாவையும் கட்டிவைத்தேன்.

முதல் வரி: மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் லியோனலின் மனம்...

(சீ! பூட்ஸ் வாங்க வந்த மனுஷனுக்கு எதற்கு மழை?)

* எங்கள் ஊரில் மோட்டார்சைக்கிளுக்கு மோட்டார் என்றுதான் பெயர். சிரிக்காதீர்கள்.

2

லியோனல் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் காவல் மேற்பார்வையாளர். போக வர மோட்டார்; போய்ச் சேர்ந்தால் நாள் முழுக்க நடை. இரண்டுக்கும் தோதாக ஒன்று வேண்டும். கடைக்கார மாதவி ஒன்பதாம் எண்ணை எடுத்து வந்தாள்.

"இதான் அண்ணே உங்களுக்கு கரெக்ட். விரலுக்கு இடம் இருக்கு."

"தொளதொளன்னு இருக்குலா. எட்டு குடுங்க."

எட்டுக்குள் காலைத் திணித்து நாலு எட்டு நடந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

மாதவி நுனியை அமுக்கிப் பார்த்தாள். "விரல் மடங்கிக் கெடக்கு அண்ணே. வலிக்கலையா?"

"இல்லையே."

(இவரை வீம்புக்காரராக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆள் என் சொல் கேட்கவில்லை.)

3

கூடவே வந்திருந்த குளோரியா பூட்ஸைக் கழற்றவைத்தாள். கறுப்புக் காலுறை ஈரமாக இருந்தது. உருவினால், கட்டைவிரலில் ரத்தம். பழைய சப்பாத்து கடித்த புண்.

"எப்பங்க பட்டுச்சு?"

"தெரியல."

இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பல வருஷம். கால் மரத்துப்போனதைப் பற்றி மட்டும் மனுஷன் வாய் திறக்கவில்லை. மாதவி இங்கிதம் தெரிந்தவள்; பஞ்சு எடுத்து வருவதாக உள்ளே போனாள். குளோரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு உங்க காலையே வெட்டி எடுக்கணும்னு டாக்டர் சொன்னா என்ன பண்ணுவீங்க? ஒன்பதையே எடுங்க."

லியோனல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒன்பது போட்டா கால் எங்க இருக்குன்னே தெரியல குளோ. பிரேக்ல வச்சிருக்கேனான்னு குனிஞ்சு பாக்கணும். எட்டு இறுக்குது. இறுக்குனாதான் எனக்கும் கால் இருக்குன்னு தெரியுது."

குளோரியா அழுதுவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் தாங்கவில்லை.

4

முடிவு எழுதாமல் இல்லை.

ஒன்பது வாங்குகிறார்கள். முன்னால் லோரி சட்டென்று நிற்கிறது. லியோனல் பிரேக்கை... (அந்த வரியை அடித்துவிட்டேன்.)

எட்டு வாங்குகிறார்கள். புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் குளோரியாவிடம் ஒரு கையெழுத்து... (இதையும்.)

மோட்டாரை விற்றுவிடட்டும் என்கிறார்கள் கதையைக் கேட்ட என் நண்பர்கள். நல்ல ஆட்கள்! விடிகாலை வேலைக்கு அந்தப் பக்கம் எந்த பஸ் போகிறதாம்? வேலை போனால் சோறு யார் போடுவது?

இப்போது குளோரியா இரண்டு ஜோடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "சொல்லு குளோ, எதை எடுக்கட்டும்?" என்கிறார் லியோனல். அவளுக்காகப் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்களே சொல்லுங்கள்.

சொல்லுமுன் ஒன்று. நாளைக் காலையில் அவர் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, அந்தச் சத்தம் தேயும்வரை வாசலில் நிற்கப்போவது அவள்தான்.