கெர்னல்மேல் விழுந்த பழி

சனிக்கிழமை காலையிலிருந்து என் கணவர் ஹரிநாராயணன் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். அன்று அவர் எத்தனை முறை பாஸ்வேர்ட் அடித்தாலும் வைஃபை தப்பு என்றே திருப்பித் தள்ளியது.

"புது கெர்னல் பண்ற வேலை இது" என்று லினக்ஸின் அந்த மூலப்பகுதியைப் பழையதற்கு மாற்றினார். பிறகு வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டார். கறுப்புத் திரையில் என்னென்னவோ ஓடியது. நெட் மட்டும் வரவில்லை.

"நம்ம மோடம் வேலை செய்யறதான்னு பார்த்தேளா?" என்றேன்.

"நேத்திக்கு வரைக்கும் நெட் வந்துதோன்னோ? உனக்கு இதெல்லாம் புரியாது, ஆஷா."

புரியாதவள் கீரை ஆய உட்கார்ந்தேன்.

அப்போது மாடி வீட்டுச் சூடாமணி மாமி உண்ணியப்பத்தோடு வந்தாள். "ஹரி, நேத்திக்கு ஃபிளாட் மீட்டிங்ல நீ சொன்னாப்லயே எங்காத்து வைஃபைக்குப் பாஸ்வேர்ட் போட்டுட்டேன். இப்போ நெட் பறக்கறது! எவனோ கள்ளன் இத்தனை நாளா ஓசியில உபயோகிச்சிண்டிருந்திருக்கான், கேட்டியா?"

ஹரி மெதுவாகத் திரும்பி எங்கள் மோடத்தைப் பார்த்தார். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஓணத்துக்கு முன்பே அதைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக் பாயின்டில் கிரைண்டரைச் சொருகியிருந்தேன். அன்றே சொன்னேன், டைப் அடித்தபடியே "ம்" என்றார். மாமி வீட்டு மோடமும் அதே கம்பெனி, வைஃபைக்கும் அதே பெயர், நேற்றுவரை பாஸ்வேர்டும் இல்லை. லேப்டாப் தானாகவே மாடிக்குத் தாவியிருக்கிறது.

"என்னடா முழிக்கறே?" என்றாள் மாமி.

"ஒண்ணுமில்லை மாமி" என்றேன் நான். "காலையிலேருந்து அந்தக் கள்ளனோட லேப்டாப்பைத்தான் ரிப்பேர் பண்ணிண்டிருக்கார்."