எட்டாவது தடம்

சனிக்கிழமை காலை என் அக்கா டார்லா பாட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. சூடாகக் காப்பி குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். அப்போதும் காற்றுதான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கவனிக்காதவன் போல டிரம்மின் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

திங்கட்கிழமை செயின்ட் லூயிஸ் ஆஸ்பத்திரியில் அவள் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். புற்று. அதுவரை குரல் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் எங்கள் கிடார்க்காரன் கர்ட்டிஸ் தன் மாமனாரின் பழைய தீவனக் கடையைப் பெருக்கி, குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிய எட்டுத் தடம் உள்ள டேப் மெஷின் ஒன்றை யார் காலிலோ விழுந்து இரவல் வாங்கி வந்தான். தெற்கு இல்லினாயில் நாங்கள் வாசிக்காத பீர்க்கடை கிடையாது. கன்ட்ரி பாட்டு கேட்க வருகிற பெரியவர்களுக்கு நாங்கள் வெறும் இரைச்சல்; இரைச்சல் கேட்க வருகிற பையன்களுக்கு நாங்கள் பட்டிக்காடு. ஆல்பம் போட எவனும் முன்வந்ததில்லை. இதுதான் முதல் ஆல்பம். அவள் குரலுக்குக் கடைசியும் இதுதான்.

ஒரே ஒரு பாட்டு மிச்சம். வெள்ளப் பாட்டு. போன வருஷம் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, சமையலறையை விட்டு வரமாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். வரவும் இல்லை. அதைப் பற்றி டார்லா எழுதியது. அந்தப் பாட்டு இல்லாத ஆல்பம் எனக்கெதற்கு என்று சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் அதை அவள் ஒருதரம் பாடியிருந்தாள். மற்றவர்கள் வாசிக்க வழி தெரியவேண்டுமென்று முதலில் ஒப்புக்கு ஒரு பாட்டைப் பாடி வைப்பது வழக்கம். பிறகு ஒழுங்காகப் பாடிக்கொள்வார்கள். ஆனால் இவளுக்கு ஒப்புக்குப் பாடத் தெரியாது. எட்டாவது தடத்தில் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தாள்.

எனக்குச் சட்டென்று அது ஞாபகம் வந்தது. "கர்ட்டிஸ், நேத்து பாடினதப் போடுடா. அதுவே போதும்."

கர்ட்டிஸ் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"என்னடா முழிக்கிற?"

"அது... இல்ல ரஸ். அழிஞ்சிடுச்சு."

"அழிஞ்சிடுச்சா, அழிச்சியா?"

"ஸ்டீல் கிடார் சேக்கணும்னு நீதானடா சொன்ன? வேற தடம் காலி இல்ல. எப்பவும் ஒப்புக்குப் பாடினதுக்கு மேலதான பதிவோம்? காலைல வந்து பாடிடுவான்னு நெனச்சேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். "மண்டைல களிமண்ணாடா இருக்கு? அவ குரல்டா அது!" என்று கத்தினேன். அவன் தடுக்கக்கூட இல்லை. அழுதுகொண்டே நின்றான். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. டார்லா பூட்ஸ் காலால் தரையை ஓங்கி உதைத்ததும்தான் கையை எடுத்தேன்.

அவள் மெஷினைக் காட்டினாள். போடு என்று சைகை.

கர்ட்டிஸ் போட்டான். அவள் குரல் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டீல் கிடார் இழுத்து இழுத்து அழுதது. நன்றாகத்தான் வாசித்திருந்தான், பாவி. டார்லா தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்து கேட்டாள். பாதியில் தலையை நிமிர்த்தினாள். எழுந்து வந்து மெஷினில் தடத்துக்கு ஒன்றாக இருந்த ஒலி விசைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். ஸ்டீல் கிடார் போயிற்று. மற்றக் கிடார்கள் போயின. என் டிரம்மை மட்டும் விட்டு வைத்தாள்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால், பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது போல, அவள் இருந்தாள்.

புத்தியுள்ளவர்கள் பாடகியைத் தனி அறையில் அடைத்துவிட்டுத்தான் பதிவார்கள். எங்களுக்குத்தான் புத்தி இல்லையே. ஒரே அறையில் முகம் பார்த்து வாசிக்காவிட்டால் அது எங்கள் பாட்டே இல்லை என்று வீம்பு. டார்லா எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்று பாடியிருந்தாள். எனக்கு மேலே தொங்கிய மைக் அவளையும் பிடித்து வைத்திருந்தது.

"உன் மைக்குக்குள்ள இருக்காடா அவ!" என்றான் கர்ட்டிஸ்.

"அப்ப என்னக் கொறைச்சிட்டு அவள மட்டும் ஏத்து."

"முடியாதுடா. ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு. உன்னக் கொறைச்சா அவளும் போயிடுவா."

அடிகள் மெதுவாக இருந்த இடங்களில் அவள் குரல் கேட்டது. அம்மாவைக் கூப்பிடும் வரி வந்தது. 'எழுந்து வாம்மா, தண்ணி வாசப்படி ஏறிடுச்சு.' அங்கேதான் நான் காட்டுமிராண்டி மாதிரி டிரம்மோடு இருக்கும் பித்தளைத் தட்டை அடித்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரியில் பாதி என் சத்தத்துக்குள் மூழ்கியது. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டார்லாவின் உதடுகள் மட்டும் அந்த வரியை முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்தது. தட்டின் அதிர்வு அடங்கிக்கொண்டே வந்தது. கர்ட்டிஸ் நிறுத்தக் கையை நீட்டினான். டார்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் முழுக்க ஓய்ந்ததும், டேப்பில் அவள் சிரித்தாள். பிறகு பேசினாள். தெள்ளத் தெளிவாக. "ஏன்டா ரஸ், செத்தவங்கள எழுப்பவாடா இந்த அடி? சரி விடு, நாளைக்கு ஒழுங்காப் பாடிக்கலாம்."

எனக்குத் தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

கர்ட்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு மட்டும் வச்சுக்கலாம் டார்லா. கடைசில பேசினத வெட்டிடட்டுமா?" என்று கேட்டான்.

டார்லா வேண்டாமென்று தலையாட்டினாள். டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, என் டிரம்மின் விசையை மேலே, மேலே, முட்டும்வரை தள்ளினாள்.